வீட்டுக்குள் வரவேண்டிய அமைதி: ருவாண்டாவின் அப்பாக்களோடு நடந்த பேச்சு

"பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியுமா?" வீட்டில் ஒரு பெண்ணின் குரல் கொஞ்சம் எழும்பினால் போதும், நம் ஊரில் யாராவது ஒருவர் இதை எடுத்து வீசிவிடுவார். என் பாட்டியே என் அம்மாவிடம் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு அளவே உள்ள ருவாண்டா என்ற ஆப்பிரிக்க நாட்டில், கின்யருவாண்டா மொழியிலும் கிட்டத்தட்ட இதே பழமொழி இருக்கிறது: சேவல் இருக்கும் இடத்தில் பெட்டை கூவாது. இதைவிடக் கூரான இன்னொன்றும் உண்டு. பெண் பேசும் வீட்டில் வெட்டுக்கத்தி பேசும் என்பார்கள்.

அப்புறம், அங்கே "நிக்கோ ஸுபக்வா" என்று ஒரு சொல்வழக்கு. குடும்பம் இப்படித்தான் கட்டப்படுகிறது என்று பொருள். கணவனிடம் அடிவாங்கி அழுதுகொண்டு வரும் பெண்ணுக்கு மூத்த பெண்கள் சொல்லும் ஆறுதல் இது. நம் ஊர் "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" ஞாபகத்துக்கு வருகிறது இல்லையா?

ஆண்களையும் சிறுவர்களையும் பாலினச் சமத்துவத்திலும் அமைதிப் பணியிலும் ஈடுபடுத்துதல் என்று தொண்டு நிறுவன அறிக்கைகளில் ஒரு தொடர் அடிக்கடி வரும். படித்தால் ஒன்றும் மனதில் நிற்காது. இதை ருவாண்டாவை வைத்துச் சொன்னால் புரியும் என்பது என் எண்ணம். போருக்குப் பிந்தைய ஒரு சமூகத்தில் ஆண்களோடு உட்கார்ந்து பேசினால் என்ன நடக்கும் என்பதை அங்கே கவனமாக அளந்து பார்த்திருக்கிறார்கள்.

முதலில் இரண்டு சொற்கள். பாலினச் சமத்துவம் என்றால் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி ஆகிவிட வேண்டும் என்பது இல்லை. நிலம், சம்பளம், ஓய்வு, பயமில்லாத தூக்கம், முடிவெடுக்கும் உரிமை ஆகியவை ஒருவர் ஆணாகவோ பெண்ணாகவோ பிறந்ததால் கூடவோ குறையவோ கூடாது, அவ்வளவுதான். அமைதியைக் கட்டியெழுப்புதல் என்பது சண்டையை நிறுத்துவதிலிருந்து வேறானது. நார்வே நாட்டு அறிஞர் ஜோஹன் கால்டுங் இதை இரண்டாகப் பிரித்தார். துப்பாக்கி ஓய்ந்திருக்கும் நிலை ஒன்று. அநீதி குறைந்து, மக்கள் பயமில்லாமல் வாழும் நிலை இன்னொன்று. முதலாவதை ஒப்பந்தம் போட்டே கொண்டுவந்துவிடலாம். இரண்டாவதற்குத் தெருவிலும் பள்ளியிலும் அடுக்களையிலும் வேலை செய்ய வேண்டும். இந்த இரண்டாவது அமைதி பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1994 ஏப்ரலில் தொடங்கி ஏறக்குறைய 100 நாள்களில் ருவாண்டாவில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் சிறுபான்மைத் துட்சி இனத்தவர். கொலைக்கு எதிராக நின்ற, பெரும்பான்மை ஹுட்டு இனத்து மக்களும் அதில் உண்டு. கொன்ற ஹுட்டுகளில் பெரும் பகுதி சாதாரண ஆண்கள், அதிலும் இளைஞர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள். கொலையை அவர்கள் "வேலை" என்றே குறிப்பிட்டார்கள்.

அந்த இளைஞர்களின் நிலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கின்யருவாண்டாவில் "உமுகபோ" என்றால் ஆண், கணவன் இரண்டும்தான். சொந்தமாக ஒரு வீடு கட்டி, கல்யாணம் செய்து, குடும்பத்தைக் காப்பாற்றுபவனே முழு ஆண். ஆனால் நாடு சிறியது, ஜனம் நெருக்கம். அப்பனிடம் இருந்த நிலம் பிள்ளைகளுக்குப் பிரித்தால் துண்டுதான் மிஞ்சும். வீடு கட்ட நிலமில்லை, கூரைக்குக் காசில்லை, வேலையும் இல்லை. ஊர் கண்ணில் இன்னும் ஆணாகாத ஆண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கொலையைத் திட்டமிட்ட அரசியல்வாதிகள் இவர்களைத்தான் இன்டரஹாம்வே என்ற படையில் திரட்டினார்கள். கையில் கத்தியும் ஒரு பொறுப்பும் கிடைத்தன. செத்தவர்களின் நிலமும் மாடும் கிடைக்கும் என்ற ஆசையும் காட்டப்பட்டது. வறுமைதான் கொன்றது என்று நான் சொல்லவில்லை. ஏழை நாடுகள் எத்தனையோ இருக்கின்றன, எல்லாம் இப்படி ஆகவில்லை. திட்டம் போட்டது மேலே இருந்தவர்கள். ஆனால் "நீ ஆம்பளையா?" என்ற கேள்வி அவர்கள் கையில் ஒரு ஆயுதமாக இருந்தது.

வெறுப்புப் பிரச்சாரமும் பெண்ணின் உடலில்தான் போய் நின்றது. 1990 டிசம்பரில் கங்குரா என்ற பத்திரிகை ஹுட்டுகளுக்குப் பத்துக் கட்டளைகள் வெளியிட்டது. அதன் முதல் கட்டளையே துட்சிப் பெண்களைக் குறிவைத்தது: துட்சிப் பெண்ணை மணப்பவன் துரோகி என்றது. 1994-ல் அந்தப் பெண்களுக்கு நடந்ததை இங்கே விவரிக்க மனம் வரவில்லை. டாபா என்ற ஊரின் நிர்வாகத் தலைவராக இருந்த ஜான் பால் அகயேசு வழக்கில், 1998 செப்டம்பர் 2 அன்று, பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் கருவியே என்று ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் முதன்முதலாகத் தீர்ப்பளித்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆண் என்றால் வன்முறை, பெண் என்றால் அமைதி என்று பிரித்துவிடக் கூடாது. அன்றைய அரசில் குடும்ப நலம், பெண்கள் முன்னேற்றத் துறை அமைச்சராக இருந்த போலின் நியிராமசுஹுகோ என்ற பெண்மணியே இனப்படுகொலைக் குற்றத்துக்காகவும், தன் கீழிருந்தவர்கள் செய்த வன்புணர்வுகளுக்காகவும் 2011-ல் தண்டிக்கப்பட்டார். இன்னொரு பக்கம், உயிரைப் பணயம் வைத்துப் பக்கத்து வீட்டாரை ஒளித்துவைத்த ஆண்களும் இருந்தார்கள். கேள்வி பிறப்பைப் பற்றியது இல்லை. ஒரு பையனுக்கு ஆண்மை என்று எதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதுதான்.

படுகொலைக்குப் பிறகு லட்சக்கணக்கான ஆண்கள் இறந்தோ சிறையிலோ நாட்டைவிட்டு ஓடியோ போயிருந்தார்கள். விதவைகள் வயலை உழுதார்கள், வீடு கட்டினார்கள், ஊர்க் கூட்டங்களில் பேசினார்கள். சட்டமும் மாறியது. அதுவரை மகள்களுக்கு நிலத்தில் பங்கு இல்லை. 1999-ல் வந்த சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சம உரிமை தந்தது. 2003 அரசியல் சாசனம், முடிவெடுக்கும் பதவிகளில் குறைந்தது 30 சதவீதம் பெண்களுக்கு என்றது. 2008 தேர்தலில் நாடாளுமன்றத்தில் பெண்கள் 56 சதவீதம் ஆனார்கள். உலகத்திலேயே பெண்கள் பெரும்பான்மையாக உட்கார்ந்த முதல் நாடாளுமன்றம் அது. அதே ஆண்டு, வீட்டுக்குள் நடக்கும் வன்முறையையும் தண்டிக்கும் சட்டம் வந்தது.

இதெல்லாம் பெரிய விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் இரவு வீட்டுக் கதவு மூடிய பிறகு? அங்கே பழைய ஆட்சிதான் நடந்தது. சில ஆண்கள் புதிய சட்டங்களைத் தங்கள் மேல் விழுந்த அடியாகவே எடுத்துக்கொண்டார்கள். பெண்களுக்குத்தான் இப்போது காலம், நம்மை யார் கேட்கிறார்கள் என்ற முணுமுணுப்பு இருந்தது. பெண்களிடம் உரிமைகளைப் பற்றிப் பேசியிருந்தார்கள். ஆண்களிடம் தண்டனையைப் பற்றி மட்டும்தான் பேசியிருந்தார்கள்.

அந்த இடைவெளியில்தான் 2006-ல் ருவாண்டா ஆண்கள் வள மையம் பிறந்தது. சுருக்கமாக ருவாம்ரெக் என்பார்கள். பெண்களுக்கு எதிரான வன்முறையை ஆண்களே பேசி நிறுத்த வேண்டும் என்று நினைத்த ருவாண்டா ஆண்கள் தொடங்கியது. பிரேசிலில் இளைஞர்களோடு வேலை செய்து பழகியிருந்த ப்ரொமுண்டோ என்ற அமைப்போடு சேர்ந்து, அவர்கள் "பண்டெபெரெஹோ" என்ற திட்டத்தை நடத்தினார்கள். முன்மாதிரி என்று அர்த்தம்.

யாரைக் கூப்பிடுவது என்பதில் அவர்கள் எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. வன்முறையாளர்கள் என்று பட்டியல் எடுத்துக் கூப்பிடவில்லை. கரோங்கி, முசான்சே, நியருகுரு, ருவமகானா ஆகிய 4 மாவட்டங்களில் 21 முதல் 35 வயது வரையுள்ள இளம் அப்பாக்களை அழைத்தார்கள். மனைவி கர்ப்பமாக இருப்பவர்கள், அல்லது 5 வயதுக்குள் குழந்தை உள்ளவர்கள். "நீ தப்பு செய்கிறாய், வா திருத்துகிறோம்" என்றால் எவன் வருவான்? "நல்ல அப்பாவாக இருப்பது எப்படி, வா பேசுவோம்" என்றால் வருவான். கையில் பச்சைக் குழந்தையை வைத்திருக்கும் நேரத்தில் ஒரு ஆணின் மனசு கொஞ்சம் இளகியிருக்கும். அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

வாரம் ஒரு சந்திப்பு என்ற கணக்கில் மொத்தம் 15 சந்திப்புகள். அதில் 8 சந்திப்புகளுக்கு மனைவியும் கூட வருவார். நடத்துபவர்கள் தலைநகர் கிகாலியிலிருந்து காரில் வந்து இறங்கும் நிபுணர்கள் இல்லை. அதே ஊரைச் சேர்ந்த அப்பாக்கள்தான், பயிற்சி பெற்றவர்கள். கர்ப்பம், குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசும்போது ஊர்ச் செவிலியர் வருவார். சட்டத்தைப் பற்றிப் பேசும்போது காவலர் ஒருவர் வருவார்.

என்ன பேசினார்கள்? இந்த வகைக் குழுக்களில் நடக்கும் ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். 24 மணி நேரத்தை வரைந்துகொண்டு, விடிந்ததிலிருந்து படுக்கும்வரை மனைவி என்ன செய்கிறாள், கணவன் என்ன செய்கிறான் என்று ஆண்களே நிரப்ப வேண்டும். தண்ணீர், விறகு, சமையல், வயல், குழந்தை, மறுபடி சமையல் என்று மனைவியின் பக்கம் நிறைந்துகொண்டே போகும். யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. அவன் எழுதியதை அவனே பார்க்கிறான்.

இன்னொரு பயிற்சி அப்பாவைப் பற்றியது. உன் அப்பா உனக்கு எப்படி இருந்தார், அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறாய், எதை விட்டுவிட ஆசைப்படுகிறாய் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ருவாண்டாவில் இது எவ்வளவு கனமான கேள்வி என்று யோசித்துப் பாருங்கள். அந்த இளம் அப்பாக்கள் 1994-ல் சிறுபிள்ளைகள். பலருடைய அப்பா கொல்லப்பட்டவர். சிலருடைய அப்பா கொன்றவர். "ஆணின் கண்ணீர் வயிற்றுக்குள் வழியும்" என்று அந்த மொழியில் ஒரு பழமொழி உண்டு. வெளியே விழக் கூடாது என்று அர்த்தம். என் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. தாத்தா செத்த அன்றுகூட அவர் பந்தல்காரரோடு கணக்குப் பேசிக்கொண்டு நின்றார். வயிற்றுக்குள் போன அந்தக் கண்ணீர் பிறகு எங்கே போகிறது? கோபமாக வெளியே வருகிறது, சாராயமாக வருகிறது, பிள்ளையின் முதுகில் அடியாக விழுகிறது. ஆண்கள் ஒருவர் முன் ஒருவர் உட்கார்ந்து இதைப் பேச ஒரு இடம் கிடைப்பதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை. போருக்குப் பிந்தைய அமைதியின் ஒரு பகுதியே அதுதான்.

மற்ற சந்திப்புகளில் குடும்ப வரவு செலவு, குழந்தையைக் குளிப்பாட்டித் துணி மாற்றுவது, சண்டை வந்தால் என்ன செய்வது, மனைவியின் சம்மதம் என்றால் என்ன என்று பேசினார்கள்.

சரி, பலன் இருந்ததா? இந்த இடத்தில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். பேச்சு முடிந்ததும் ஆணிடமே போய் "மாறிவிட்டாயா?" என்று கேட்டால் "மாறிவிட்டேன்" என்றுதான் சொல்வான். பொய் சொல்கிறான் என்றுகூட இல்லை, அப்படி நம்பவும் செய்வான். எனவே மனைவியிடம் தனியாகக் கேட்க வேண்டும். ருவாண்டாவில் 1,199 தம்பதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்தச் சந்திப்புகளை நடத்தினார்கள், மறு பாதிக்கு நடத்தவில்லை. 21 மாதம் கழித்துப் பெண்களிடம் கேட்டார்கள். சந்திப்பில் சேராத குடும்பங்களில், கடந்த ஒரு வருடத்தில் கணவன் அடித்ததாகச் சொன்ன பெண்கள் 100-க்கு சுமார் 57 பேர். சேர்ந்த குடும்பங்களில் சுமார் 33 பேர். பாலியல் வன்முறையில் இதே கணக்கு 60, 35. கர்ப்பப் பரிசோதனைக்கு மனைவியோடு கூடப் போகும் ஆண்கள் அதிகமானார்கள், வீட்டு வேலையில் அவர்கள் செலவிடும் நேரம் கூடியது, பிள்ளைகளை அடிப்பது குறைந்தது. இந்த ஆய்வு 2018-ல் வெளியானது.

33 என்ற எண்ணிலும் மூன்றில் ஒரு பெண் அடிவாங்குகிறாள் என்பதை மறக்கக் கூடாது. அதைச் சாதனை என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 15 சந்திப்புகளில், ஊர்க்காரர்களை வைத்தே, இவ்வளவு தூரம் குறைக்க முடியும் என்பது பெரிய நம்பிக்கை.

பக்கத்திலேயே, எல்லையைத் தாண்டிக் கொங்கோவின் கிழக்கில், வேறு மாதிரியான முடிவும் கிடைத்தது. வட கிவு, தென் கிவு மாகாணங்களில் 28 ஊர்களில் இன்னொரு திட்டம் நடந்தது. அங்கும் ஆண்கள் வாராவாரம் 16 வாரம் கூடினார்கள். பெண்கள் தனியாகக் கூடிச் சொன்ன கருத்துகளை வைத்தே ஆண்களின் பேச்சு நடந்தது. யோசித்துச் செய்த நல்ல ஏற்பாடு. ஆண்களின் எண்ணம் மாறியது, வீட்டு வேலை செய்தார்கள், உறவு பரவாயில்லை என்று மனைவியரும் சொன்னார்கள். ஆனால் வன்முறை குறைந்ததா என்று பெண்களிடம் கேட்டபோது, உறுதியாகச் சொல்லும்படி எதுவும் குறையவில்லை. மனைவியரை விட்டுவிட்டு ஆண்களின் எண்ணத்தை மட்டும் அளந்திருந்தால் இதையும் வெற்றி என்றே எழுதியிருப்பார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? ஒரு காரணம், கொங்கோவின் கிழக்கில் போர் ஓயவே இல்லை. இன்னொன்று என் சொந்த ஊகம்: ருவாண்டாவில் கணவனும் மனைவியும் ஒரே அறையில் உட்கார்ந்து, அடுத்த வாரம் என்ன செய்யப் போகிறோம் என்று ஒருவர் முன் ஒருவர் பேசினார்கள். பிறர் முன்னால், அதுவும் கட்டியவள் முன்னால் கொடுத்த வாக்கை மீறுவது கடினம்.

இதே கிழக்குக் கொங்கோவில், போராளிகளால் வன்புணர்வு செய்யப்பட்ட பெண்களை அவர்களின் கணவன்மாரே வீட்டைவிட்டு விரட்டிய கொடுமையும் நடந்தது. மனைவியைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற அவமானத்தை, அவளையே விரட்டித் தீர்த்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஆண்களோடு உட்கார்ந்து பேசவும் அங்கே குழுக்கள் உண்டு. புகாவு நகரில் பன்சி மருத்துவமனையை நிறுவி, இந்தப் பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்துவரும் டாக்டர் டெனிஸ் முக்வேகே 2018-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். உடம்பைத் தைத்து அனுப்பினால் மட்டும் போதாது, ஆண்கள் வாய் திறக்க வேண்டும் என்று அவரும் தொடர்ந்து பேசிவருகிறார். இன்னும் ஆறாத காயத்தோடு வரும் ஒரு பெண் திரும்பிப் போகிற வீடு எப்படி இருக்கிறது என்பது மருத்துவக் கேள்வியும்தான்.

உலக அளவில் இந்தச் சிந்தனை எப்போது வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1994 செப்டம்பரில், ருவாண்டாவில் கொலைகள் ஓய்ந்து இரண்டு மாதம்கூட முழுதாக ஆகாத நேரத்தில், கெய்ரோவில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை மாநாடு குடும்பத்தில் ஆண்களின் பொறுப்பைப் பற்றித் தனியாகப் பேசியது. 2000-ல் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1325-வது தீர்மானம், அமைதிப் பேச்சுகளில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்றது. பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்க ஆண்களையும் சிறுவர்களையும் சேர்க்க வேண்டும் என்பதை 2013-ல் 2106-வது தீர்மானம் சேர்த்துக்கொண்டது.

சிறுவர்களுக்கு வருவோம். பதின்மூன்று வயதுப் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்து வகுப்பெடுத்தால் காதில் ஏறாது. அவன் யார் பேச்சைக் கேட்பான்? மும்பையில் கிரிக்கெட் பயிற்சியாளர்களைப் பிடித்தார்கள். மைதானத்தில் "என்னடா பொண்ணு மாதிரி பந்து போடுற" என்று பையனைத் திட்டாமல் இருக்கப் பயிற்சியாளர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். தெருவில் ஒரு பெண்ணை நண்பன் கேலி செய்தால் கூடச் சிரிக்காமல் எப்படி நிறுத்துவது என்பதைப் பயிற்சி முடிந்ததும் பத்து நிமிடம் பேசலாம். அவ்வளவு எளிமையாகத் தொடங்கலாம். பெரியவனான பிறகு 15 வாரம் உட்கார்ந்து கழற்ற வேண்டியதை, சின்ன வயதிலேயே மாட்டிவிடாமல் இருப்பது நல்லது.

இந்த வேலையில் ஆபத்துகளும் இருக்கின்றன. ஒன்று பணம். பெண்கள் அமைப்புகள் பல வருடமாகப் பிச்சை எடுக்காத குறையாகத் தங்குமிடங்களையும் சட்ட உதவியையும் நடத்திவருகின்றன. ஆண்களுக்கான திட்டம் வந்ததும் அவர்களுடைய நிதியை வெட்டி இங்கே கொடுத்தால் அது அநியாயம். இரண்டாவது, பாராட்டு. ஒரு நாள் பாத்திரம் துலக்கிய ஆணை மேடையில் ஏற்றி மாலை போட்டுவிடுகிறோம். அதே பாத்திரத்தை முப்பது வருடம் துலக்கியவள் கீழே உட்கார்ந்து கை தட்டுகிறாள். மூன்றாவது, "என் வீட்டுப் பெண்ணை நான் பாதுகாப்பேன்" என்ற பேச்சு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் காவலுக்கு நிற்பவனே எங்கே போகிறாய், யாரோடு பேசினாய் என்று கேட்கவும் தொடங்குகிறான். பெண்களுக்குக் காவல்காரன் தேவையில்லை, பயப்படத் தேவையில்லாத ஒரு வீடும் ஊரும் போதும்.

ருவாண்டாவில் அந்த வேலை பிறகு முசான்சே மாவட்டத்தில் அரசின் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் கைக்குப் போனது. காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கும் அதே ஆட்கள்தான் இப்போது அந்தக் குழுக்களையும் கூட்டுகிறார்கள். முதலில் சேர்ந்த தம்பதிகளை ஆய்வாளர்கள் 6 வருடம் கழித்து மறுபடி தேடிப்போனார்கள். முதல் சந்திப்பின்போது வயிற்றில் இருந்த குழந்தைகள் அதற்குள் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்திருந்தார்கள். மறுபடியும் அம்மாக்களிடம்தான் கேட்டார்கள். சந்திப்புகளில் சேர்ந்த வீடுகளில், சேராத வீடுகளைவிட, அடி இன்னும் குறைவாகவே இருந்தது.